மூட்டைக்குள் பன்னிரண்டு சட்டை

அந்தத் துணிக்கடைக்கு முன்வாசல் வழியாக வருகிறவர்களுக்குக் கண்ணாடிக் கதவும் குளுகுளு காற்றும் சிரித்த முகமும் உண்டு. பின்வாசல் வழியாகப் போகிறவர்களுக்கு ஸ்கேனர்தான். ஸ்கேனர் என்றதும் இயந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்து மூன்று வயதுப் பெண். சாம்பல் நிறச் சட்டை, அதே நிறத்தில் பேண்ட், மார்பில் ஒரு பேட்ஜ், முன்னால் ஒரு மேசை. கடையில் வேலை பார்க்கும் பெண்கள் வீட்டுக்குப் புறப்படும்போது அவர்களுடைய பையைக் கிளறி, உடம்பைத் தடவிப் பார்த்து அனுப்புவது அவள் வேலை. ஆண்களுக்குப் பக்கத்திலேயே வேறொரு காவலாளி. ஒரு காலத்தில் அங்கே நிஜமான ஸ்கேனர் வைக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. இயந்திரம் வரவே இல்லை. பெயர் மட்டும் வந்து அவள் மேல் ஒட்டிக்கொண்டது.

பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. பையைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். எதையாவது ஒளித்துக்கொண்டு வருகிற பெண் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு நடப்பாள். தேவையில்லாமல் சிரிப்பாள். "சாப்டீங்களாக்கா?" என்று என்றைக்கும் இல்லாத அக்கறையோடு கேட்பாள். பதினொரு வருடத்தில் பத்தொன்பது பேரைப் பிடித்திருக்கிறாள். அதில் ஒருத்தி எட்டு மாதக் கர்ப்பிணி. எடுத்தது ஒரு ஜோடிக் குழந்தைச் சாக்ஸ். அவளையும் விடவில்லை. ரசீது இல்லாமல் சரக்கு அந்த வாசலைத் தாண்டினால், தாண்டியவருக்கு அன்றோடு வேலை போய்விடும். எந்தக் காரணமும் எடுபடாது. அது கடையின் சட்டம். சட்டத்தை எழுதியவர்கள் நான்காவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நிறைவேற்றிய பாவம் மட்டும் இவள் தலையில் விழுந்தது. மதியச் சாப்பாட்டு அறைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு சட்டென்று நின்றுபோகும்.

பதினொரு வருடமும் நின்றபடிதான். அந்த மேசைக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் தூங்கிவிடுவாளாம். கெண்டைக்காலில் நரம்புகள் நீலநீலமாக முடிச்சுப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டன. டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "உக்காந்து பாக்கற வேலையா மாத்திக்கோங்க" என்றார், ஏதோ அவள் கைவசம் நாலு வேலை இருப்பதுபோல. உட்கார்ந்து பார்க்கிற வேலை அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பாதுகாப்புப் பிரிவின் மேற்பார்வையாளர். கேமரா அறையும் சுழல் நாற்காலியும் அவருக்கு. அந்த நாற்காலிக்கு எப்போதும் வெளியிலிருந்துதான் ஆள் வந்தது. கடைசியாக வந்தவனுக்கு இருபத்தாறு வயது. "ஆல்டரேஷன் ரூம்னா என்னக்கா?" என்று அவளிடமே கேட்டான். ஆனால் அவனிடம் ஒரு சான்றிதழ் இருந்தது. அடுத்த வருடம் அவன் வேறு வேலைக்குப் போகப்போகிறான் என்று காதில் விழுந்ததும் அவள் துணிந்து மேனேஜரிடம் போய்க் கேட்டாள்.

"உங்க அனுபவம் எனக்குத் தெரியாதாம்மா?" என்றார் மேனேஜர். "ஆனா சர்டிபிகேட் இல்லாம உங்க பேரை மேல அனுப்ப முடியாது. குற்றவியல், குற்றத் தடுப்புன்னு ஒரு வருஷத் தொழிற்படிப்பு இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் கிளாஸ். முடிச்சிட்டு வாங்க, பாக்கலாம்."

சேர்ந்தாள். காலுக்காகத்தான் படிக்கிறேன் என்று எல்லாரிடமும் சொன்னாள். அது பாதி உண்மை. பதினொரு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவளை, "நீ என்ன நினைக்கிறே?" என்று ஒரு ஜீவன்கூடக் கேட்டதில்லை. அந்த இருபத்தாறு வயதுக்காரன் புதுக் கேமராவை எங்கே மாட்டலாம் என்று அரைமணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் நின்றிருந்த இவளைக் கேட்கவில்லை. நரம்பு வலியைவிட அது அவளுக்கு அதிகமாக வலித்தது.

அவளை உண்மையில் படிக்கவைத்தது அவளுடைய நாத்தனார். கணவனின் அக்கா, ஐம்பத்து நான்கு வயது. அதே கடையில் மூன்றாவது மாடியின் பின்பக்கம் ஆல்டரேஷன் டெய்லர். வாங்கிய பேண்டின் நீளத்தைக் குறைப்பது, சட்டையின் இடுப்பைப் பிடிப்பது, கையைச் சுருக்குவது என்று கடை முழுவதற்கும் ஒரே ஒரு டெய்லர். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போனதிலிருந்து தம்பி வீட்டின் முன்னறையில்தான் இருக்கிறார். மேனேஜர் அறை வாசலில் மூன்று நாள் காத்துக்கிடந்து இவளுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். நாத்தனார் என்றாலே ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கும்போது, இந்த வீட்டில் மட்டும் இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாக இருந்தார்கள். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டாத்தான் எனக்கு வீட்ல மரியாதை கிடைக்கும்" என்று அவள் கணவன் அலுத்துக்கொள்வான். அவன் வயரிங் வேலை செய்கிறவன். ஊருக்கெல்லாம் விளக்கு எரியவைத்துவிட்டு, வீட்டு மின்விசிறியை ஆறு மாதமாகத் தொடாதவன்.

ஞாயிற்றுக்கிழமை சமையலை நாத்தனார் ஏற்றுக்கொண்டார். மகள் நர்சிங் படிக்க வேறு ஊருக்குப் போய்விட்டதால் வீட்டில் பாடம் ஒப்பிக்க இவள் ஒருத்திதான். தையல் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடியே நாத்தனார் கேள்வி கேட்பார்.

"ஒரு குத்தம் நடக்க எத்தனை வேணும்?"

"மூணு அண்ணி. எடுக்கணும்னு நினைக்கிற ஆள், எடுக்கற மாதிரி ஒரு பொருள், யாரும் பாக்காத நேரம்."

"மூணுல ஒண்ணை உருவிட்டா?"

"முக்காலி கவுந்துடும்."

"போ, பாஸு" என்பார் நாத்தனார். ஊசி கீழே விழுந்துவிடும். இரண்டு பேரும் குனிந்து தரையெல்லாம் தடவித் தேடுவார்கள்.

வகுப்பு ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் நடந்தது. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம். பதினான்கு பேர் படித்தார்கள். ஏடிஎம் வாசலில் உட்காருகிறவர்கள், ஆஸ்பத்திரிக் காவலாளிகள், போலீஸ் தேர்வில் உயரம் போதாமல் திரும்பிய இரண்டு பையன்கள். பாடப்புத்தகத்தை யார் எழுதினார்களோ, எழுதியவருக்கே புரிந்திருக்காது. 'வாய்ப்புக் குறைப்பு அணுகுமுறை' என்ற அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் பதினான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். புத்தகத்தை மூடி மேசையில் கவிழ்த்துவிட்டுத்தான் பாடம் எடுப்பார்.

"முப்பது வருஷம் திருடனைப் பிடிச்சேன்" என்றார் முதல் நாளே. "ஒரு திருட்டைக்கூடத் தடுத்ததில்ல. அது எனக்கு ரிட்டையர் ஆனப்பறந்தான் உறைச்சுது. இடத்தைப் பாருங்க. ஆளைப் பாக்காதீங்க. இடம் கெட்டுக் கிடந்தா நல்லவனும் கெடுவான். இடத்தைச் சரிபண்ணிட்டா நீங்க யாரையும் புடிக்கவே வேணாம்."

யாரையும் பிடிக்கவே வேண்டாம் என்பதைக் கேட்டபோது அவளுக்குக் கண் கலங்கியது. அந்தச் சாக்ஸ்காரியின் முகம் இத்தனை வருடம் கழித்தும் போகவில்லை.

நான்காவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நீங்க சொல்லுங்கம்மா, நடையை வச்சு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று வாத்தியார் அவளை எழுப்பிவிட்டார். எழுந்து நின்று முக்கால் மணி நேரம் பேசினாள். முழங்கையை ஒட்டிவைத்து நடந்தும் காட்டினாள். பையன்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அவள் சொன்னதை ஒருவர் எழுதிக்கொள்வது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்றைக்குப் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, கால் வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டே நடந்து வந்தாள்.

படிப்பின் கடைசியில் ஒரு களப்பணி உண்டு. ஒரு பணியிடத்தைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். இடத்தின் வரைபடம் போட்டு, பாதுகாப்பான இடத்துக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், ஆபத்துக்குச் சிவப்பு என்று வட்ட வட்டமாக ஒட்ட வேண்டும். யார் பெயரையும் எழுதக் கூடாது. பதவியை மட்டும் எழுதலாம். சந்தேகம் என்ற வார்த்தையே வரக் கூடாது. "சோதிச்சுப் பாத்துட்டு, நடந்ததை மட்டும் எழுதுங்க" என்றார் வாத்தியார். மேனேஜர் அனுமதிக் கடிதம் கொடுத்தார். அறிக்கையின் ஒரு பிரதி கடைக்கு வர வேண்டும் என்பது அதில் நிபந்தனை. அவள் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள். மேனேஜர் அதைப் படிக்க வேண்டும் என்பதுதானே அவள் ஆசையே.

மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையை அளந்தாள். உடை மாற்றிப் பார்க்கும் அறைகளுக்கு மஞ்சள். கிடங்குக்குப் பச்சை. முன்வாசல் பச்சை. தன்னுடைய மேசைக்கு வந்தபோது பச்சை வட்டத்தைக் கையில் எடுத்து, ஒட்டாமல் நின்றாள். தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு மூட்டை அந்த வாசலைத் தாண்டிப் போகிறது. ஆல்டரேஷன் அறையில் வெட்டிய துண்டுத் துணிகளைக் கோணியில் கட்டி, நாத்தனாரே தூக்கிக்கொண்டு வந்து, பின்னால் இருக்கும் கழிவுக் கொட்டகையில் போடுவார். அதைப் பதினொரு வருடமாக யாரும் அவிழ்த்துப் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை. நாத்தனாரையும் தடவிப் பார்த்ததில்லை. அண்ணியை எப்படித் தடவிப் பார்ப்பது?

அன்று வீட்டில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அண்ணி, உங்க ரூமுக்குச் செவப்பு ஒட்ட வேண்டியிருக்கு."

நாத்தனார் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஒட்டு, ஒட்டு. மார்க் வரும்னா என் நெத்தியிலயே ஒட்டிக்கோ."

"விளையாடாதீங்க. சோதிச்சுப் பாத்துத்தான் எழுதணுமாம்."

"அவ்வளவுதானே? நாளைக்கே பாத்துடலாம். எத்தனை சட்டை வைக்கலாம், சொல்லு? பத்து? பன்னெண்டு?"

மறுநாள் நாத்தனார் இரண்டாவது மாடியிலிருந்து பன்னிரண்டு சட்டைகளைக் கொண்டுவந்து, பெட்டியும் அட்டையும் இல்லாமல் தட்டையாக மடித்து, துண்டுத் துணிகளுக்கு நடுவில் அடுக்கினார். எப்படி அழுத்தினாலும் விறைப்பாகத் தெரியாதபடி காலர்களை ஒன்றுக்குள் ஒன்று செருகினார். முப்பது வருடம் துணியோடு வாழ்ந்த கை அது. மூட்டையைக் கட்டி ஐந்து மணிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அவள் தன் மேசைக்கு முன்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். ஆண்கள் பக்கத்துக் காவலாளி கதவைத் திறந்துவிட்டு, "கனமா இருக்காக்கா, நான் தூக்கட்டுமா?" என்று வேறு கேட்டான். கொட்டகைக்குள் போய் மூட்டையை இறக்கிவைத்த பிறகு அவளும் நாத்தனாரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் கோணியைப் பிரித்து, சட்டைகளைப் பழைய அட்டைப்பெட்டியில் போட்டு மேலே கொண்டுபோய், இருந்த இடத்திலேயே வைத்தார்கள்.

அறிக்கையில் எழுதினாள்: 'இடம்: கழிவுத் துணி மூட்டை செல்லும் வழி. நேரம்: மாலை 5.04. பன்னிரண்டு புதிய சட்டைகள் மூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டு செல்லப்பட்டன. வாயிலில் கண்டறியப்படவில்லை. கொண்டு சென்றவர்: ஆல்டரேஷன் டெய்லர். தீர்வு: உள்ளே இருப்பது தெரியும்படியான பிளாஸ்டிக் பை.' சட்டைகள் அன்றே அலமாரிக்குத் திரும்பின என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் அவளும் எழுதவில்லை. பெயரை எழுதாமல் பதவியை மட்டும் எழுதியதில் அவளுக்கு ஒரு திருப்தி. அந்தப் பதவியில் கடையில் ஒரே ஆள்தான் என்பது அப்போது அவள் புத்தியில் ஏறவே இல்லை.

நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. வகுப்பிலேயே முதல் மதிப்பெண். நாத்தனார் அறிக்கையை வாங்கி, எழுத்துக்கூட்டி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "எம் பேரே இல்லையேம்மா இதுல, நான்தானே மூட்டை கட்டினேன்" என்று பொய்க்கோபம் காட்டினார்.

பயிற்சி நிலையம் பிரதியைக் கடைக்கு அனுப்பியது. மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். "உக்காருங்கம்மா" என்றார். அந்த அறையில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை. மேசையில் அவளுடைய அறிக்கை இருந்தது. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் பென்சில் கோடுகள்.

"பிரமாதமா எழுதியிருக்கீங்க. வருஷா வருஷம் ஸ்டாக் எடுக்கறப்ப சட்டை குறையுது. எங்க போகுது, எங்க போகுதுன்னு மேல இருக்கறவங்க என் உயிரை எடுக்கறாங்க. கடைசியில வழியைக் காட்டிட்டீங்க."

அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். "சார், அப்படி ஒரு வழி இருக்குன்னுதான் எழுதியிருக்கேன். அதுல போச்சுன்னு எழுதலையே."

"பன்னெண்டு சட்டை போயிருக்கே? நீங்கதானே எழுதியிருக்கீங்க? தேதி, நேரம் எல்லாம் இருக்கு. கேமராவிலயும் பாத்தாச்சு, டெய்லரம்மா மூட்டையோட போறாங்க."

"சார், அது வந்து..."

மேனேஜர் கையை உயர்த்தி நிறுத்தினார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. "ஒரு நிமிஷம். யோசிச்சுப் பேசுங்க. சுத்திப் பாக்கத்தான் நான் அனுமதி குடுத்தேன். சரக்கை வாசலுக்கு வெளிய கொண்டுபோக இல்ல. யாராவது சொல்லித்தான் அவங்க எடுத்துட்டுப் போனாங்கன்னா, சொன்னவங்களும் போக வேண்டியதுதான். சட்டம் உங்களுக்குத் தெரியாததா? ஆனா அப்படி ஒண்ணும் இல்லையே? நீங்க சுத்திப் பாக்கறப்ப கண்டுபிடிச்சீங்க. எழுதிக் குடுத்தீங்க. அப்படித்தானே?"

பென்சில் காகிதத்தின் மேல் காத்துக்கொண்டிருந்தது. 'நான்தான் வைக்கச் சொன்னேன்' என்பது மூன்றே வார்த்தை. அதைச் சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும், சான்றிதழ் குப்பைக்குப் போகும், வீட்டில் கணவனின் வயரிங் வேலை ஒன்றுதான் மிஞ்சும். சொல்லாவிட்டால் ஒருவருக்குத்தான் போகும். இப்படியெல்லாம் அவள் பிறகு கணக்குப் போட்டுத் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் கணக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பயம்தான் இருந்தது. தலையை ஆட்டினாள். அரை அங்குலம் அசைந்திருக்கும். மேனேஜருக்கு அது போதுமானதாக இருந்தது.

சனிக்கிழமை நாத்தனாரை மாடிக்குக் கூப்பிட்டார்கள். புகார், போலீஸ் என்று எதுவும் வேண்டாம், வயதுக்கு மரியாதை கொடுத்து மாதக் கடைசியோடு அனுப்பிவைக்கிறோம் என்றார்களாம். அவர் திரும்பி வரும்போது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் கடை முழுவதும் பன்னிரண்டு சட்டைதான் பேச்சு. சாயங்காலத்துக்குள் அது பன்னிரண்டு மூட்டை ஆகியிருந்தது. சாப்பாட்டு அறையில் ஒரு விற்பனைப் பெண், அவள் காதில் விழட்டும் என்றே, "சொந்த நாத்தனாரையே விடல பாரு, நம்மளை விடுவாங்களா?" என்றாள்.

அவள் வீட்டுக்குப் போகவே பயந்தாள். போனபோது நாத்தனார் அடுப்படியில் இருந்தார். கணவன் பலகையில் உட்கார்ந்து, "என்னக்கா திடீர்னு? முப்பது வருஷம் உழைச்ச ஆளைப் போன்னா என்ன அர்த்தம்? நான் வந்து கேக்கறேன்" என்று குதித்துக்கொண்டிருந்தான்.

"நீ ஒண்ணும் வர வேணாம்" என்றார் நாத்தனார். "தையல் வேலையை வெளிய ஒரு கம்பெனிக்குக் குடுக்கறாங்களாம். என் ஒருத்திக்காக ரூம் வச்சிருக்க முடியுமா? கண்ணும் முந்தி மாதிரி இல்ல." சொல்லிவிட்டு அவள் தட்டில் சாப்பாட்டைப் போட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. மாடியில் மேனேஜர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் என்பது அந்தப் பார்க்காததிலேயே தெரிந்துவிட்டது. திட்டியிருந்தால், தட்டைத் தூக்கி எறிந்திருந்தால், அவர் காலில் விழுந்து அழுதிருப்பாள். அதற்கும் வழி இல்லாமல் பண்ணிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டயர் கடை மாடிக்கு ஓடினாள். வகுப்பு முடிந்து வாத்தியார் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினாள், தலையாட்டியதை மட்டும் விட்டுவிட்டு. "சார், அது வெறும் பயிற்சிதான்னு நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க சார்."

வாத்தியார் துணியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். "எழுதித் தர்றேன். அதுல யார் சொல்லி யார் எடுத்தாங்கன்னு எழுதணும். அனுமதி இல்லாம எடுத்ததையும் எழுதணும். எழுதினா உங்க வேலை என்னாகும்னு உங்களுக்குத் தெரியும். எழுதட்டுமாம்மா? இப்பவே எழுதறேன்." பேனாவை எடுத்துத் திறந்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள். அவர் பேனாவை மூடினார்.

"நானும் முப்பது வருஷம் இடத்தை விட்டுட்டு ஆளைத்தான் பிடிச்சேன்" என்றார். "அதுதான் சுலபம். உங்க மேனேஜரும் அதைத்தான் பண்றார். உங்க ரிப்போர்ட்ல தப்பு இல்ல. அடுத்த வருஷம் வர்றவங்களுக்கு அதைத்தான் மாதிரியா வைக்கப்போறேன்."

அவள் கும்பிடக்கூட இல்லாமல் படி இறங்கினாள்.

கடைக்காரர்கள் அவள் சொன்ன பிளாஸ்டிக் பையை வாங்கவில்லை. குப்பை மூட்டைகள் அதே கோணியில், அதே வழியில், அவிழ்க்கப்படாமல்தான் போய்க்கொண்டிருந்தன. அந்த வருடக் கடைசியில் சரக்கை எண்ணியபோதும் சட்டைகள் குறைந்தன. அதைப் பற்றி யாரும் அவளைக் கேட்கவில்லை.

நாத்தனாரை மாடிக்குக் கூப்பிட்ட அந்த மாதமே சான்றிதழ் வந்தது. மறுமாதம் முதல் தேதியிலிருந்து மேற்பார்வையாளர் என்று கடிதமும் வந்தது. கணவன் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்துவிட்டு வந்தான். "பாத்தியாக்கா, உனக்குப் போனாலும் இவளுக்குக் கிடைச்சுதே. வீடு தப்பிச்சுது" என்றான். ஒன்றும் தெரியாத பாவி. "ஆமாடா, நல்லதுதான்" என்றார் நாத்தனார். அன்றைக்கு அத்தனை நாளாக ஓடாத மின்விசிறியையும் சரிசெய்து ஓடவைத்தான். அதன் கீழே மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மாதத்தின் கடைசி நாள் மாலை. வாசலில் பெண்கள் வரிசை நீளமாக நின்றது. அவளுக்கு அந்த மேசையில் அதுதான் கடைசி நாள். வரிசையின் நடுவில் நாத்தனார் நின்றார். அவர் என்றைக்கும் வரிசையில் நின்றதில்லை; பக்கவாட்டில் நுழைந்து, "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். முன்னால் இருந்தவர்கள் தாமாகவே விலகி வழிவிட்டார்கள். அவர் நகரவில்லை. தன் முறை வரும் வரைக்கும் நின்றார்.

வந்து பையைத் தானே மேசையில் கவிழ்த்தார். கத்திரிக்கோல் இரண்டு, அளவு நாடா, விரலுறை, சாக்குக்கட்டி, சாப்பாட்டு டப்பா, கண்ணாடிக் கூடு. ஒவ்வொன்றையும் தள்ளித் தள்ளி வைத்தார். டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார்.

"சரி அண்ணி, போதும்" என்றாள் அவள்.

"எல்லாருக்கும் என்ன பண்ணுவியோ அதைப் பண்ணு." நாத்தனார் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நின்றார். வரிசை முழுவதும் பார்த்தது. பின்னால் இருந்து யாரோ இருமினார்கள்.

அவள் மேசையைச் சுற்றி வந்தாள். தோளில் கைவைத்தாள். எலும்பாக இருந்தது. விலா, இடுப்பு, முதுகு என்று கை தானாக, வேலை தெரிந்த கை போகிறபடி போயிற்று. சும்மா தொட்டுவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் ஆரம்பித்தாள். ஆனால் கை நிற்கவில்லை. இடுப்புப் பட்டையின் உள்பக்கம் விரலை விட்டாள். மடிப்புகளைக் கசக்கிப் பார்த்தாள். சாக்ஸ்காரியிடம்கூட இவ்வளவு நேரம் தேடியதில்லை. எதற்காகத் தேடுகிறோம் என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஒரு கைக்குட்டை, ஒரு பொத்தான் அட்டை, ஏதாவது ஒன்று, கடைச் சரக்கு என்று சொல்ல ஒன்றே ஒன்று கிடைத்துவிட்டால் போதும். அன்றைக்கு மாடியில் ஆட்டிய தலை பொய்யில்லை என்று ஆகிவிடும். கிடைக்க வேண்டுமே என்று மனசு கெஞ்சியது.

முப்பது வருடம் துணியைத் தொட்டவருக்கு, தன் மேல் நடக்கிற விரல் என்ன தேடுகிறது என்று தெரியாமல் போகுமா? நாத்தனார் கையை இறக்காமலே குனிந்து, அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"ஒண்ணும் இல்லம்மா. ஏதாவது வச்சிக்கிட்டு வந்திருந்தா உனக்கு நிம்மதியா இருந்திருக்கும், இல்ல?"

குரலில் கோபம் இல்லை. பாடம் கேட்கும்போது இருக்கிற அதே குரல்தான். அவள் வாயைத் திறந்தாள். அண்ணி என்று கூப்பிட வரவில்லை. வரிசை காத்துக்கொண்டிருந்தது. சோதனை முடிந்த எல்லாரிடமும் சொல்கிற வார்த்தைதான் வந்தது.

"சரி, போகலாம்" என்றாள்.